கை எட்டும் தூரத்துப் பாட்டு

காது மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஒலி புகாத சிற்றறைக்கு வெளியே அமர்ந்து, உள்ளிருப்பவரின் காதுக்கு மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவது அவளுடைய வேலை. கேட்டவர் பொத்தானை அழுத்துவார். கேட்காதவர் கண்ணாடி வழியே திருதிருவென விழிப்பார். பதினோராண்டுகளில் ‘பீப் அக்கா’ என்ற பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது.

மனம்தான் எதிலும் நிலைக்கவில்லை. மெட்டமைக்க உட்கார்ந்தால் கதை வந்து தோளைத் தட்டும். கதையெழுத உட்கார்ந்தால் மெட்டு வந்து பேனாவைப் பிடுங்கும்.

“அண்ணி, ஒண்ணு பாடுங்க, இல்ல எழுதுங்க. நடுவுல பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது” என்பாள் நாத்தனார்.

ஒருவழியாக இரண்டும் ஒரே நாவலில் வந்து சேர்ந்தன. காற்று மிக மெலிந்த ஒரு கிரகம். அங்கே எந்த ஒலியும் கை எட்டும் தூரத்தைத் தாண்டாது. கடைசி அத்தியாயத்தில் பதினாயிரம் பேர் வெட்டவெளியில் கைகோத்து நின்று ஒரே நொடியில் பாடத் தொடங்குகிறார்கள். அந்தப் பாட்டின் சுரங்களையும் கடைசிப் பக்கத்தில் அச்சிடப் பதிப்பாளர் அரைமனத்துடன் இசைந்திருந்தார்.

புதன்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை எட்டும் தூரம் வரைதான் ஒலி செல்லுமென்றால், பதினாயிரம் பேரும் ஒரே நொடியில் எப்படிப் பாடத் தொடங்குவார்கள்? தான் வகுத்த விதியைத் தானே மீறியிருந்தாள். உடனே பதிப்பாளரை அழைத்தாள்.

“சார், கடைசி அத்தியாயத்துல ஒரு தப்பு.”

“எழுத்துப்பிழையா?”

“இல்ல சார், பாட்டே தப்பு.”

“நல்லதாப் போச்சு, எடுத்துடுவோம். கதைப் புத்தகத்துல யாரும்மா பாட்டைத் தேடப்போறாங்க?”

“நான் தேடுவேன் சார்.”

“வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணி. அதுக்குள்ள வரலைன்னா பாட்டு இல்லாமத்தான் புத்தகம்.”

பக்கத்திலிருப்பவர் பாடக் கேட்டுத்தான் ஒவ்வொருவரும் தொடங்க முடியும். அப்படியானால் ஒவ்வொருவரும் சற்றுத் தாமதம். அவளுடைய எட்டுச் சுர மெட்டோ தாமதத்தைத் தாங்காது. ஒருவர் வாயிலிருப்பது அடுத்தவர் காதில் இடறும். வியாழன் முழுதும் அதையே முணுமுணுத்தாள். சோதனை அறையிலிருந்த பெரியவர் கண்ணாடியைத் தட்டினார்.

“அம்மா, எனக்கு ஒண்ணுமே கேக்கல!”

“நான் இன்னும் ஒண்ணுமே போடலைங்க ஐயா.”

வெள்ளி காலையில், காதுக்கருவிக்காக நால்வர் பெஞ்சில் காத்திருந்தார்கள்: ஒரு லாரி ஓட்டுநர், ஒரு தையற்காரம்மா, ஒரு காவலாளி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அருகில் வந்து பேசினாலொழிய எதுவும் எட்டாதவர்கள். அவள் முதலில் ஓட்டுநரின் காதருகே குனிந்தாள்.

“நான் பாடுறதைக் கேட்டுப் பக்கத்தில இருக்கறவங்க காதுல பாடணும்.”

“புது டெஸ்டாம்மா?”

“ஆமாங்க. உங்களுக்கில்ல, எனக்கு.”

முதல் முறை, பாத்திர அலமாரி சரிந்ததுபோல் இருந்தது. “என் மெஷினே இதைவிட நல்லாப் பாடும்” என்றார் தையற்காரம்மா. அவள் சுரங்களை ஒவ்வொன்றாகக் கழித்தாள். ஆசை ஆசையாய் அமைத்த நிஷாதமும் போயிற்று. எட்டு ஐந்தாயிற்று, ஐந்து மூன்றாயிற்று. ஒன்றோடொன்று ஒத்திசைக்கும் ச, க, ப மட்டும் எஞ்சியபோது யார் பிந்தினாலும் கெடவில்லை. பிந்தியவர் குரல் முந்தியவர் குரலுக்கு முட்டுக்கொடுத்தது.

ஓட்டுநர் முடித்தார், தையற்காரம்மா முடித்தார், காவலாளியும் முடித்தார். மற்றவர்கள் நிறுத்தியது தெரியாமல், கண்ணை மூடியபடி டீச்சர் மட்டும் பாடிக்கொண்டேயிருந்தார்.

மருத்துவர் கதவைத் திறந்தார். “இது ஆஸ்பத்திரியா, கச்சேரி மேடையா?”

பீப் அக்காவைத் தவிர வேறு யார் காதிலும் அது விழவில்லை.

பதினொன்றரைக்குள் கடைசிப் பக்கத்தை மாற்றி எழுதினாள். ஊர் முழுதும் ஓய்ந்த பின்னும், பாட்டு முடிந்தது அறியாமல் வரிசையின் கடைசியில் ஒருத்தி பாடுகிறாள். கீழே மூன்று சுரங்கள். அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

மாலையில் பதிப்பாளர் அழைத்தார். “அச்சுக்குப் போயிடுச்சும்மா. பாட்டோடதான். திருப்திதானே?”

“ரொம்ப சந்தோஷம் சார். ஆனா, வரிசை நடுவுல ஒருத்தர் வாயே திறக்கலைன்னா பாட்டு அங்கேயே நின்னுடுமே?”

“மெஷின் ஓடுதும்மா. போனை வைங்க.”

வைத்தாள். வைத்த கை, சோதனைச் சீட்டொன்றின் பின்புறத்தில், வாய் திறக்காத அந்த ஒருவரையும் தாண்டிச் செல்லக்கூடிய நான்காம் சுரத்தைத் தேடத் தொடங்கியிருந்தது.