போன் சொன்ன ரத்த அளவு

கல்முனையில் ரத்தம் பரிசோதிக்கும் ஒரு தனியார் லெப்பில் பதினாறு வருடமாக ஊருக்கே ஊசி குத்துகிறேன். என் சொந்தத் தங்கச்சியின் கையை மட்டும் தொட முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஊசி என்றால் நடுக்கம். இப்போது அந்தப் பயத்துக்குத் துணையாக ஒரு போனும் வந்துவிட்டது.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. கிளினிக்கில் ரத்தம் கொஞ்சம் குறைவு என்று சொல்லி, திரும்பப் பரிசோதிக்கத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். துண்டு அலமாரிக்குள் கிடந்தது. அவளுடைய கணவர் எங்கேயோ கேள்விப்பட்டு ஒரு செயலியைப் போனில் இறக்கினார். நகத்தைப் படம் பிடித்தால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று சொல்லுமாம். குத்தவும் வேண்டாம், வரிசையில் நிற்கவும் வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் தங்கச்சி எனக்குச் செய்தி அனுப்பினாள்: பன்னிரண்டு புள்ளி ஆறு. கர்ப்பிணிக்கு அது நல்ல அளவு. விடுமுறை முடிந்து லெப்பில் சனம் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று பதில் போட்டுவிட்டு அடுத்த ஆளின் கையைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை கழித்துத்தான் மாவடிப்பள்ளியில் அவள் வீட்டுக்குப் போகக் கிடைத்தது. கேற்றைத் திறந்துவிட்டு உள்ளே வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ஒரு கிண்ணம் பச்சையரிசியை மடியில் வைத்துக் கொறித்துக்கொண்டே கதைத்தாள். பிள்ளைத்தாச்சி ஆசை என்று கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரத்தம் குறைந்தவர்கள் அரிசியும் ஐஸும் தின்னுவதை லெப்பில் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். அவளுடைய கீழ்க்கண்மடலை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது.

நாளைக்கே லெப்புக்கு வா என்றேன். வரமாட்டாளாம். முந்தாநாள் பார்த்தபோதும் பன்னிரண்டுக்குக் குறையவில்லையாம். நான் என்ன சொன்னாலும் கணவர் போனை முகத்துக்கு நேரே நீட்டினார். என்னுடைய படிப்பும் பதினாறு வருட வேலையும் அந்த உள்ளங்கையளவு கண்ணாடிக்கு முன்னால் செல்லாக்காசு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படித்தான் பார்க்கிறீர்கள், என் கண் முன்னால் செய்து காட்டுங்கள் என்றேன்.

தங்கச்சி விரல்களை நீட்டினாள். பத்து நகமும் செக்கச் செவேலென்று இருந்தன. பெருநாளுக்கு வைத்த மருதோண்டி.

இந்த நகத்தையா படம் பிடித்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை. செயலியில் ஆங்கிலத்தில் இருந்த எச்சரிக்கையை ஒன்றுவிடாமல் வாசித்துத்தான் செய்தாராம்.

“நகப்பூச்சு இரிக்கப்படாதெண்டுதான் போட்டிரிக்கி, மதினி. இவ அது பூசுறயே இல்லையே. பூசினா வுளு கூடாதே.”

அவர் சொன்னதில் பிழையில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நகப்பூச்சு படலமாக நிற்கும். அதைத் தாண்டித் தண்ணீர் நகத்தில் படாது, தொழுகைக்கு முன் கைகால் கழுவியது கழுவியதாகாது. மருதோண்டி வெறும் சாயம், அது தண்ணீரைத் தடுக்காது. எங்கள் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தச் சட்டப்படி அவளுடைய நகத்தில் ஒன்றுமே இல்லை. செயலியைச் செய்தவர்களுக்கோ மருதோண்டி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே நினைவுக்கு வரவில்லை. இலைச் சாயத்தைப் பார்த்து நல்ல ரத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது போன். இதில் நான் யாரைப் பிடித்து ஏசுவது?

அவளுடைய பெருவிரலைத் திருப்பிப் பிடித்தேன். நகத்தின் அடியில், பெருநாளுக்குப் பிறகு வளர்ந்த இடத்தில் மட்டும் சாயம் இல்லை. ஓர் அரிசி அகலம்தான் இருக்கும். மெழுகு மாதிரி வெளிறியிருந்தது. இருவரும் அதைக் குனிந்து பார்த்தார்கள். கணவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை லெப்பில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். மெஷின் ஆறு புள்ளி எட்டு என்று காட்டியது. நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டினேன். அதேதான். உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், ரத்தம் ஏற்றவும் வேண்டி வரலாம். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு இத்தனை நாளும் என்ன போய்ச் சேர்ந்ததோ என்று நினைத்ததும் எனக்கு நிதானம் போய்விட்டது. வரிசையில் நின்ற சனத்துக்கு முன்னாலேயே அவளுடைய கணவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

தங்கச்சி ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். அழவில்லை.

“அவர ஏசாதீங்க, ராத்தா. அவருக்கு இதெல்லாம் தெரியா. நீங்க லெப்ல வேல செய்யிற ஆள். நான் அத அனுப்பினப்ப, எப்பிடிப் பாத்த எண்டு நீங்களாவது கேட்டீங்களா?”

பெயர் எழுதாத குழாயில் ரத்தம் வந்தால், யாருடையது, எப்போது எடுத்தது என்று கேட்காமல் அதை மெஷினுக்குக் கிட்டவே கொண்டுபோகமாட்டேன். என் தங்கச்சியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.