முன்வரிசையில் என் இடம்

நாங்கள் இருந்தது ராஜபாளையத்தில். வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் பள்ளிவாசல். ஆனாலும் அத்தா, அதாவது என் அப்பா, வெள்ளிக்கிழமையானால் பத்தரை மணிக்கே குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, கடையை அம்மா தலையில் கட்டிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிடுவார். ஜும்ஆத் தொழுகையைப் பிறந்த ஊரில்தான் தொழ வேண்டுமாம். "இங்க இருக்கதும் அல்லாவோட வீடுதானே?" என்று அம்மா கேட்பார். அத்தா காதில் விழாதவர் மாதிரி தொப்பியைத் தேடுவார்.

நாலாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் என்னையும் கூட்டிப் போக ஆரம்பித்தார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அத்தை கல்யாணத்தில் அத்தாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் சண்டை. அந்த அண்ணன் எனக்குப் பெரியத்தா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் அத்தா பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது. வேண்டுமென்றே செய்தது என்றார் பெரியத்தா. புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதே அவர்தானே என்றார் அத்தா. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. இரண்டு பேரும் மீசை நரைத்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேசாதவர்கள் ஆளுக்கொரு மூலையில் நின்று தொழுதிருக்கலாம். பள்ளிவாசலில் யாருக்கும் தனி இடம் கிடையாது. முந்தி வந்தவர் முன்னால், பிந்தி வந்தவர் பின்னால், முதலாளியானாலும் மூட்டை தூக்குகிறவரானாலும் அவ்வளவுதான். ஆனால் இவர்கள் இரண்டு பேருக்கும் சிறுவயதிலிருந்தே முன்வரிசையில், பிரசங்க மேடையான மிம்பர் படிக்கு நேர் எதிரே, ஃபேனுக்கு அடியில்தான் நின்று பழக்கம். விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனசில்லை. அதனால் ஹவுள் தொட்டியில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நடுவில் நான்.

எனக்கோ தலைகால் புரியாத பெருமை. என் வயதுப் பையன்கள் எல்லாம் கடைசி வரிசையில் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருக்க, நான் தொழவைக்கும் ஹஜ்ரத்துக்குப் பின்னால் பெரிய மனுஷனாக நின்றேன். பாங்கு சொல்லும் மோதினார் வாராவாரம், "சின்னப் பிள்ளைக எல்லாம் பின்னால போங்கலே" என்று என்னைப் பார்த்தே சொல்வார். "அவன் எங்கூட நிக்கட்டும்" என்பார் அத்தா. என்மேல் எம்புட்டுப் பாசம் என்று நினைத்துக்கொள்வேன்.

வேலையும் இல்லாமல் இல்லை. ஹஜ்ரத்தின் பயான் பேச்சு தொடங்குவதற்கு முன் பெரியத்தா என் காதருகே குனிவார். "ஏலே, ஒங்க அத்தாட்ட சொல்லு, சட்டைக் காலர் பின்னால மடிஞ்சிருக்கு."

நான் திரும்பிச் சொல்வதற்குள் அத்தா காலரைச் சரிசெய்திருப்பார். "சரிபண்ணியாச்சுன்னு சொல்லு."

ஒரு முழத் தூரத்தில் இருக்கும் இரண்டு காதுகளுக்கு நடுவே இப்படி எத்தனை சேதி சுமந்திருப்பேன்! இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அது. மிம்பரில் ஏறி ஹஜ்ரத் ஓதிய குத்பா உரை முடிந்தது. எல்லோரும் எழுந்தோம். மோதினார் தொழுகை தொடங்கப்போவதை அறிவிக்கும் இகாமத் சொல்லி முடித்தார். "இடைவெளி இல்லாம தோளோட தோள் சேர்ந்து நில்லுங்க" என்று ஹஜ்ரத் வழக்கம்போலச் சொல்லிவிட்டுத் திரும்பினார். அவர் கையை உயர்த்தப் போகும் நேரம் பார்த்து மோதினார் எட்டி என் தோளைப் பிடித்து, ஒரே இழுப்பில் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார். அத்தா வாய் திறப்பதற்குள் ஹஜ்ரத் தக்பீர் சொல்லித் தொழுகை தொடங்கியாயிற்று; இனி யாரும் பேசக் கூடாது. பின்வரிசைக்காரர் என்னை அதற்குப் பின்னால் தள்ளினார். அவருக்குப் பின்னால் இருந்தவர் இன்னும் பின்னால் தள்ளினார். கடைசியில் செருப்புகளுக்குப் பக்கத்தில், கிள்ளுகிற பையன்களோடு போய் நின்றேன்.

கண்ணில் தண்ணீர் முட்டியது. அத்தா ஓர் அடி வலப்பக்கம் நகர்வதும் பெரியத்தா ஓர் அடி இடப்பக்கம் நகர்வதும் தூரத்தில் தெரிந்தது. நான் நின்ற இடம் மூடிக்கொண்டது. எனக்காக அத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொழுகையில் திரும்பக் கூடாது என்பது தெரிந்தும் அவர்மேல் ஆத்திரம் வந்தது.

முடிவில் எல்லோரும் வலமும் இடமும் முகம் திருப்பி ஸலாம் சொன்னார்கள். துஆ ஓதி, கூட்டம் கலைந்தது. அவர்கள் இருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. பெரியத்தாவின் கை அத்தாவின் பிடரியில் கிடந்தது. அத்தாவின் முதுகு குலுங்கியது. என்னை வெளியேற்றிவிட்டு இரண்டு பேரும் சிரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பெரியத்தா கூடவே வந்தார். வழியெல்லாம் ஓயாத பேச்சு. என்னிடம் சொல்லியனுப்ப யாருக்கும் ஒரு சேதியும் இல்லை. சும்மா பின்னால் நடந்தேன்.

பஸ்ஸில் அத்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அடுத்த வாரம் முன்வரிசையில எனக்கு எடம் போட்டு வைப்பியளா, அத்தா?"

"அங்க இனிமே எடம் இல்லலே," என்றார் அத்தா.

மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. அவ்வளவு பெரிய பள்ளிவாசலில் எனக்கு மட்டும் இடமில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஏன் அத்தனை சந்தோஷம் என்றுதான் எனக்கு விளங்கவே இல்லை.