இங்கே கேமுக்கு மோட் போட்டுத் தரப்படும்

ஆபீஸ்காரர்கள் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரை வாங்கித் துடைத்து, லினக்ஸ் ஏற்றி விற்பது என் தொழில். அதில் கேம் ஓடவில்லை என்று திட்டு வாங்குவது கூடவே வரும் இலவசம்.

தாராவியில், தோல் பை தைக்கிற கடைகளுக்கு நடுவே இருக்கிறது என் கடை. லினக்ஸுக்குக் காசு கிடையாது. கிழட்டு மெஷினிலும் ஓடும். ஆனால் கேமெல்லாம் விண்டோஸுக்கென்று செய்தவை. தாஜா பண்ணித்தான் ஓட வைக்க வேண்டும். ஓடிவிட்டால் சும்மா இருப்பார்களா? மோட் வேண்டும். யாரோ ஒருவன் வீட்டில் உட்கார்ந்து செய்து, கேமுக்குள் சொருகிக்கொள் என்று இணையத்தில் போட்டிருக்கிற உபரிச் சரக்குதான் மோட். புது வண்டி, புது மரம், புது மழை. இதே வேலையில் மண்டை காய்கிறவர்கள் எங்காவது இருப்பீர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

மேல் சீட்டு

பக்கத்துச் சந்தில் பெல்ட் செய்கிற முருகேசனுக்கு ஒரு பஸ் கேம். அதில் பம்பாயின் பழைய சிவப்பு டபுள் டெக்கர் வேண்டுமாம். மோட் கிடைத்தது. போட்டேன். பஸ் தார் பூசினதுபோல் கறுப்பாக வந்து நின்றது. வண்ணப் படங்கள் வேறு ஃபோல்டரில் கிடந்தன. இடம் மாற்றினேன், சிவப்பாயிற்று. ஹார்ன்கூட அடித்தது. "இந்தாரும், ஓட்டும்" என்று நாற்காலியை விட்டு எழுந்தேன்.

மனுஷன் ஓட்டவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் லீவு நாளெல்லாம் சம்சாரத்தை டபுள் டெக்கர் மாடியில், முன் வரிசையில் உட்கார வைத்துக் கூட்டிப்போவாராம். இப்போது அந்தம்மாவுக்கு முட்டி வலி. அந்த பஸ்ஸும் இல்லை.

"ஓட்டுறதுக்கா கேட்டேன்? நாங்க என்னைக்கு பஸ் ஓட்டினோம்? மாடியில முன் சீட்டுல உக்காரணும் அண்ணாச்சி, ரெண்டு பேரும்."

பையனின் பண்ணை

கோமதி மாமி மாட்டுங்காக்காரர். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையன் ஜெர்மனியில். ஒரு விவசாயக் கேமில் அவனுக்குப் பண்ணை உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவன் அங்கே பண்ணையைத் திறந்தால், மாமி இங்கிருந்து உள்ளே போகலாம். ஆனால் அவன் போட்டிருக்கிற அத்தனை மோட்டும் மாமியிடம் இருக்க வேண்டும், அதே வெர்ஷனில். ஒன்று முன்னே பின்னே இருந்தாலும் கதவு திறக்காது.

ஒரு ஞாயிறு சிபியூவை டாக்ஸியில் வைத்துக் கொண்டுவந்தார். பையனிடம் போனில் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாம் சரி, தென்னை மர மோட் மட்டும் அவனுடையதைவிடப் புதிது. அதற்காகவே கதவு மூடியிருந்தது. மாற்றியதும் திறந்தது. உள்ளே நீலத் தொப்பி போட்ட ஒரு பொம்மை, அதுதான் பையன், விறகு வெட்டிக்கொண்டிருந்தது. மாமி பூவாளியை எடுத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். கடை சாத்த வேண்டும் என்றேன்.

"சித்த இருங்கோ சார். அவன் வெட்டி முடிக்கட்டும். பாதியில போனா, ஒண்டியா நிக்கறோம்னு நெனச்சுப்பன்."

மழை

சுதா, தாராவியிலேயே லேபர் கேம்ப் பக்கத்துப் பெண், தையல் வேலை. வீடு கட்டுகிற கேம் ஒன்றில் அழகாக ஒரு வீடு கட்டியிருந்தாள். வானிலைக்கு வெயில் ஒன்று, மழை ஒன்று என இரண்டு மோட் போட்டிருந்தாள்; மழை விடவேயில்லை, வெயில் வேண்டும் என்று வந்தாள். கடைசியாக ஏறுவது சொன்னதுதான் சட்டம், அது மழை மோட். வரிசையை மாற்றினேன், வெயில் வந்தது. மழையும் நன்றாகத்தானே இருந்தது என்று வாயைக் கொடுத்தேன்.

"அரே அங்கிள், எங்க கோலியில, அந்த ஒத்த ரூமுல, ஒழுகுறது பத்தாதா? இதுலயாவது காஞ்ச தரையில படுக்கிறேன், விடுங்க."

பழையபடி

கொஞ்ச காலம் கழித்து மாமி மறுபடி வந்தார், சிபியூவோடு. திரையில் ஏதோ சிவப்புப் புள்ளி வந்ததாம், எல்லாவற்றையும் அப்டேட் பண்ணிவிட்டாராம். பழையபடி ஆக்கித் தர வேண்டும். உங்களுக்கே தெரியும், புதிதை ஏற்றுவது சுலபம், பழையதைத் தேடுவது நரகம். செய்தவனே இணையத்திலிருந்து தூக்கியிருப்பான். எரிச்சலில், "பையனையும் அப்டேட் பண்ணச் சொல்லுங்க மாமி, தீந்துது" என்றேன்.

"அவன் பண்ணையைத் திறந்தே மாசக்கணக்காச்சு" என்றார். குழந்தை பிறந்திருக்கிறது. வேலையும் மாறிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் மாமி போய்ப் பார்க்கிறார், மூடியே இருக்கிறது.

"போன்ல பேசுறானில்ல?"

"பேசறான். சாப்டியாம்பன். சாப்டேம்பேன். வெச்சுடுவன்."

"தொறடான்னு கேக்கறதுதானே?"

"கேட்டா திறப்பன். கேட்டுத் திறந்தா என்ன இருக்கு அதுல?"

பழைய டிஸ்க்குகளைக் குடைந்தேன். முன்பு அவருக்குப் போட்டதன் நகல் ஒன்றில் இருந்தது. ஏற்றினேன். இனிமேல் கை தவறி அமுக்கினாலும் அப்டேட் ஆகாதபடி பூட்டும் போட்டேன். "இந்த மெஷின் இனி இப்படியே பழசாத்தான் கெடக்கும்" என்றேன். மாமி வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

"கெடக்கட்டும். என்னிக்கோ ஒரு ஞாயித்துக்கிழமை அவனுக்கா தோணித் திறந்தான்னா, என்னால உள்ள வர முடியலடான்னு நான் சொல்லப்படாது."

கம்ப்யூட்டர் புதுசு கேட்கிறது, ஆட்கள் பழசு கேட்கிறார்கள், நடுவில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிறவனுக்குத்தான் கடைக்காரன் என்று பெயர்.