இரண்டு தரம் இழுத்த கயிறு

அப்பாவு கதை கட்டுகிற ஆளே இல்லை. சங்கக் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னாலே மனுஷனுக்கு வியர்த்துவிடும். அவர் சொன்னதில் நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை, சத்தியம். நடந்தது 1987 மே 17, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல்.

அந்தக் கோடையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடாதவர் ஆவடிப் பக்கம் யாருமில்லை. பாக்டரி ஆட்கள் பன்னிரண்டு பேர் நடத்திய மலையேற்றச் சங்கம், மலையை விட்டுவிட்டு ஞாயிறுதோறும் பழைய கிணறுகளைத் தூர்வாரியது. கயிற்றில் இறங்கத்தான் அவர்களுக்குத் தெரியுமே!

சங்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கீழே இருப்பவர் கயிற்றை ஒரு தரம் இழுத்தால், இன்னும் விடு. இரண்டு தரம் இழுத்தால், தூக்கு. மலைக்காற்றில் குரல் ஏமாற்றும். ஆகவே வாய் என்ன சொன்னாலும் கயிறு சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

அன்று செம்பரம்பாக்கம் பக்கம், பதினோரு வருஷமாக மூடிக் கிடந்த கிணறு. ஐம்பது அடி. உள்ளே முதலில் விளக்கை இறக்கிக் காற்றைச் சோதிக்க வேண்டும் என்பது மலையில் பழகிய அந்தப் பாவிகளுக்குத் தெரியவில்லை. அன்று வந்த மூன்று பேரில் செயலாளர் பஷீருதீன் கூடை வாங்கப் போயிருந்தார். கயிறு பிடித்தது அப்பாவு. இறங்கியது உத்தமன், அவர் தங்கை புருஷன். தங்கை பஞ்சவர்ணத்துக்கு அப்போது ஏழு மாசம்.

"உசுரு உன் கையில கீது மச்சான். தூங்கிடாத" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான்.

மணி 3.05. உத்தமன் கால் தரை தொட்டது.

3.08. கயிறு அசைந்தது. ஒன்று... இரண்டு.

அப்பாவு காலை ஊன்றி இழுக்கப் போனார். கீழிருந்து குரல் வந்தது.

"இழுக்காத மச்சான். கயித்துல கை பட்டுடிச்சி. நல்லா கீறேன்."

உத்தமன் குரலேதான். அப்பாவு பிடியைத் தளர்த்தினார்.

"தூரு நெறைய கீதா மாப்ள?"

"கீது. மெதுவா ஆவட்டும்."

அப்பாவு கேட்டது சுவரில் மோதி மூன்று தரம் திரும்பி வந்தது. பதிலுக்கு எதிரொலியே இல்லை. காதோரம் நின்று பேசுவது போல இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

3.20. கிணற்றுக்குப் பக்கத்து வீட்டு கெங்கம்மாள் மோர் கொண்டுவந்தாள். "இன்னும் கொஞ்ச நேரம்..." என்றது கீழிருந்து குரல். அவள் கைச்சொம்பு விழுந்தது. தெருப்பக்கம் ஓடினாள்.

3.31.

"முடியல மச்சான். நீயும் எறங்கு."

அப்பாவு கயிற்றை வேப்பமரத்தில் கட்டினார். ஒரு காலை உள்ளே வைத்தார்.

"சீக்கிரம்..."

ஒரு கை அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தது. பஷீருதீன். பின்னால் கெங்கம்மாள்.

"கயிறு அசையவே இல்லியே அப்பாவு! எவ்ளோ நேரமா இப்டி?"

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கனத்தது.

உத்தமன் வந்தான். உதடு நீலம். மூச்சு இல்லை.

தரையில் கிடத்தினார்கள்.

அப்போது கீழிருந்து...

"மச்சான்... எறங்கிட்டியா?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "விஷவாயு. ரெண்டு மூணு நிமிஷத்துல நினைவு போயிருக்கும். அதுக்கப்புறம் பேசியிருக்க வாய்ப்பே இல்ல."

அப்படியானால் 3.08-க்குக் கயிற்றை இழுத்தது மட்டும்தான் உத்தமன். அந்த நிமிஷம் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான். பஞ்சவர்ணம் அண்ணன் முகத்தில் அப்புறம் விழிக்கவே இல்லை.

காரியத்தன்று கெங்கம்மாள் வந்தாள். அப்பாவுவின் காலருகே உட்கார்ந்து அழுதாள்.

"பதினோரு வருசம் முன்னாடி எம்புருசன் துலுக்கானம் அதே கெணத்துல தூரெடுக்க எறங்கினாரு. கயிறு புடிச்சது நான்தான். ‘இன்னும் கொஞ்ச நேரம்’னு அரை மணி எங்கிட்ட பேசிகினே இருந்தாரு. சொன்னா பைத்தியம்னாங்க, அதான் உங்களாண்ட வாயே தொறக்கல."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொணத்த மேல போட்ட பொறவும்... ‘கெங்கா, எறங்கிட்டியா?’ன்னு கேட்டுது அண்ணாத்தே."