படிக்கட்டுக்குக் கூப்பிடுகிறவள்

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கத்தரிகளை ஆவியில் வைத்துச் சுத்தம் செய்யும் அறையில் நாங்கள் எட்டுப் பெண்கள். அதில் ஒருத்திக்கு நாங்கள் வைத்த பெயர் ரகசியக்கா. பதினோரு வருட வேலை, கணவன் இல்லை, கல்லூரியில் ஒரு மகள், வாயைத் திறந்தால் குசுகுசு. திடீரென்று யாராவது ஒருத்தியைப் பின்படிக்கட்டுக்குக் கூட்டிப்போவாள். இரண்டே நிமிடம். திரும்பி வருகிறவள் முகம் செத்துப்போயிருக்கும். என்னடி சொன்னாள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்பாள். சும்மாவாம்! நிர்வாகத்துக்கு உளவு சொல்கிறாள் என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். பையில் பைபிள் வேறு. அதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். நானும் அதே சபைதான், எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா?

ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். "நேரம் முடியறதுக்குள்ள மெஷினைத் திறந்துட்டீங்க. அந்தக் கத்தரிங்களை மறுபடி உள்ள வைங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

"எங்களை நோட்டம் பார்க்கிறதுதான் உங்க வேலையாக்கா?"

"தப்பைப் பார்த்தா மொதல்ல அவங்ககிட்ட தனியா சொல்லணும்னுதானே நாம சபையில கேட்டிருக்கோம்? அதான்."

உள்ளே போய் மறுபடி வைத்தேன். எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றேன்.

அடுத்த வாரம் ஏழு பேரும் மனுக் கொடுத்தோம்: கோள்மூட்டுகிறாள், வேலையை விட்டு நீக்குங்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். மேற்பார்வையாளர் எல்லோரையும் நிற்கவைத்து அவளைக் கேட்டார்.

"படிக்கட்டுல என்னம்மா பேசுவீங்க? சொல்லலைன்னா வேலை போயிடும்."

"அது அவங்கவங்ககிட்ட பேசினது சார். அவங்களே சொன்னா சரி. நான் சொல்ல மாட்டேன்."

"சரி, யாராவது ஒருத்தர் சொல்லுங்க, இதோட முடிஞ்சிடும்."

மற்ற ஆறு பேரையும் பார்த்தேன். ஆறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் அவள் கூப்பிட்டிருக்கிறாள், எவளைப் பற்றியும் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன? சொன்னால் என் வேலை போகும். வாயை மூடிக்கொண்டேன். அன்றே அவளை நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக்கு வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். அத்தனை இடம் காலியாக இருக்க, என் பக்கத்தில் வந்து, "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று உட்கார்ந்தாள். நான் கொண்டுவர மறந்த பாட்டுப் புத்தகத்தை எனக்கும் சேர்த்து விரித்துப் பிடித்தாள். வெட்கத்தோடு அதன் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் மனசு கேட்கிறது: போதகரிடம் போட்டுக்கொடுத்திருப்பாளோ?