மாரியம்மாள் இறங்கவில்லை

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அன்பரசிக்குச் சின்ன வயதில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘காரை நிறுத்துனவ’. பள்ளிக்கூடத்தில் யாருடைய சைக்கிளில் செயின் கழன்றாலும் எல்லாரும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். பஸ்ஸில் ஏறினால், “இவ ஏறிட்டா, இனிமே வண்டி எங்க போவும்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். பிறப்பதற்கு முன்பே அவர் செய்துவிட்ட குற்றம் அது.

நாற்பது வருடங்களுக்கு முந்தைய ஒரு கார்த்திகை மழையில், பக்கத்து ஊரான மங்களூருக்குப் போகும் சாலையோரக் காலனியில் இருந்த மாரியம்மாளுக்கு இடுப்புவலி கண்டது. பஸ் வரவில்லை. பீங்கான் கம்பெனி முதலாளி சாமிதுரையின் அம்பாசிடர், விருந்தாளி ஒருவரை அந்தப் பக்கம் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் ராஜாங்கம் யாரையும் கேட்கவில்லை. மாரியம்மாளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள வளைவில் கார் நின்றது. என்ன செய்தும் கிளம்பவில்லை. மாரியம்மாளை மாட்டுவண்டிக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நனைந்த வைக்கோல்மேல் அன்பரசி பிறந்தார்.

மாட்டுவண்டி கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் கழித்து ராஜாங்கம் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார். கார் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிட்டது.

ஊருக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அவள் ஏறியதும் நின்றது, இறங்கியதும் ஓடியது. சாமிதுரை காரை மஞ்சள் தண்ணீரால் கழுவினார், பூசணிக்காய் உடைத்தார், ராஜாங்கத்தை வேலையை விட்டு அனுப்பினார். அதன்பிறகும் கார் கொஞ்சதூரம் ஓடி நின்றது, சும்மா விட்டுவைத்தால் கிளம்பியது, மறுபடி நின்றது. மெக்கானிக்குகள் என்ஜினைப் பிரித்துப் பார்த்து ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அப்படியானால் தீட்டுத்தான் என்று முடிவு கட்டி, கம்பெனிப் பின்கட்டில், உடைந்த அச்சுகளுக்கு நடுவே காரைத் தள்ளிப் பூட்டிவிட்டார்கள்.

அந்தக் கம்பெனியில் களிமண் மிதித்ததும், சூளையின் சூடு ஆறுமுன் உள்ளே நுழைந்து சரக்கை இறக்கியதும் காலனி ஆட்கள்தான். அவர்கள் வார்த்த பீங்கான் தட்டில் சோறு தின்றவர்களுக்கு, அவர்களில் ஒருத்தி வலியோடு உட்கார்ந்த சீட்டு மட்டும் தீட்டாகிப்போனது.

அன்பரசி வேறொரு பீங்கான் கம்பெனியில் களிமண் அரைக்கும் மில்லுக்கு வேலைக்குப் போனார். மோட்டார் நின்றால் எலக்ட்ரீஷியன் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் தானே கழற்றிப் பார்த்தார். ஒருமுறை ஷாக் அடித்து விழுந்தும் இருக்கிறார். பிறகு வேப்பூர் நெடுஞ்சாலையில் லாரி பட்டறை. அப்புறம் சொந்தப் பட்டறை. அடக்கம் என்பது அவரிடம் கிடையாது. தான் பிரித்துக் கட்டிய என்ஜின் ஒன்று தெருவில் போனால் பேச்சை நிறுத்தி, “கேளுங்க, நம்ம வண்டி” என்பார். பட்டறைக்கு எதிர்வீட்டுக்காரனான நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

இந்த ஆண்டு சாமிதுரையின் மகன் நந்தகுமார் கம்பெனியை இடிக்க ஏற்பாடு செய்தார். காரைப் பழைய இரும்புக்காரருக்குப் பேசியாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் அன்பரசி அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“ஒரு தடவ ஓட்டிக் காட்டறேன் சார். எங்க அம்மா பின்னால குந்தியிருக்கணும். அப்புறம் நீங்க எடைக்குப் போட்டுக்கங்க.”

“எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கெடையாதும்மா,” என்றார் நந்தகுமார். “இருந்தாலும்...”

இந்த ‘இருந்தாலும்’ எனக்கு நன்றாகத் தெரியும். படித்தவர்கள் மூடநம்பிக்கையை ஒளித்துவைக்கும் பரண் அது. ஆனால் மனிதர் நல்லவர். சாவியைக் கொடுத்தார். தான் மட்டும் ஏறமாட்டேன் என்றார்.

காரைப் பட்டறைக்கு இழுத்து வந்து பானெட்டைத் தூக்கியபோது என்ஜின்மேல் எலிக்கூடு இருந்தது. முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால் மலையைத் திருப்புவது போலிருந்தது. உள்ளே பிஸ்டன்கள் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன. பலவந்தம் செய்தால் உடைந்துவிடும். அன்பரசி பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியே டீசலும் ஆயிலும் ஊற்றி ஊறவிட்டார். தினமும் காலையில் வந்ததும் ஹேண்டிலைப் பிடித்து மெதுவாக அழுத்திப் பார்ப்பார். அசையாது. ஊற்றுவார். கார்புரேட்டரைக் கழுவினார், வயர்களை மாற்றினார், பெட்ரோல் டேங்கை இறக்கி ஜல்லி போட்டுக் குலுக்கி, பிசினாய் உறைந்திருந்ததையெல்லாம் கரைத்தெடுத்தார். பிரேக்கைப் புதிதாகக் கட்டினார்.

ஒருநாள் காலை ஹேண்டில் நகர்ந்தது. ஒரு விரல் அளவுதான். அன்பரசி கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயில்களில் எனக்கு வராத உணர்வு அது. மனிதன் கணக்குப் போட்டு வார்த்த இரும்பு, நாற்பது வருட இருட்டுக்குப் பிறகும் அந்தக் கணக்கை மறக்காமல் இருந்தது.

குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிக் கொக்கியில் தொங்கவிட்டு, அதிலிருந்து குழாய் கொடுத்து முதல்முறை ஸ்டார்ட் செய்தார். இருமியது, கரும்புகையைத் துப்பியது, நின்றது. மறுபடி இருமியது. பிறகு நான்கு சிலிண்டரும் ஒன்றையொன்று கண்டுகொண்டதுபோல ஒரே சீராக ஓடத் தொடங்கின. தெருவே பட்டறை வாசலில் கூடிவிட்டது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் வைத்தபடியே நின்றார். வழக்கமாக வாய் ஓயாத அன்பரசி, “கேளுங்க” என்றுகூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு, மாரியம்மாளைப் பின்சீட்டில் உட்காரவைத்தார். மங்களூர்ச் சாலையில் அந்த வளைவுவரை போய்த் திரும்பி ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்துவது என்று ஏற்பாடு. நான் முன்சீட்டில். நந்தகுமார் பைக்கில் பின்னால் வந்தார். அவருக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க இன்னும் சில பைக்குகள்.

ரயில்வே கேட்டைத் தாண்டினோம். என்ஜின் ஒருமுறை திணறியது, இன்னொருமுறை திணறியது, நின்றுவிட்டது. அதே இடம் என்று பிறகு சொன்னார்கள். இல்லை, வளைவுக்கு ஒரு கூப்பிடு தூரம் முன்னால்.

பைக்குகள் ஒவ்வொன்றாய் வந்து நின்றன. அன்பரசி பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். கார்புரேட்டர் காய்ந்திருந்தது. டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் ஒரு சொட்டு வந்து சேரவில்லை.

மாரியம்மாள் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். “நான் எறங்கிக்கிறேன். அப்ப போயிடும்.”

“எறங்காத,” என்றார் அன்பரசி.

“உனக்குத்தான் கெட்ட பேரு, பாப்பா. நான் பஸ்ஸுல வரேன்.”

“எம்மா, காலை உள்ள எடு. கதவைச் சாத்து.”

மாரியம்மாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்பரசி காரைச் சுற்றிப் பின்னால் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினார். வரவில்லை. துணியைச் சுற்றி இரண்டு கையாலும் திருகினார். மூடி கழன்றதும் பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. டேங்க் காற்றை உள்ளிழுத்தது.

மூடியின் உட்பக்கத்தை அவர் நகத்தால் சுரண்டினார். அழுக்கின் கீழே வெள்ளையாக வந்தது. பீங்கான் களிமண். பெட்ரோல் தளும்பி வெளியே வழியாமலிருக்க யாரோ பிசைந்து அப்பியிருக்கிறார்கள். கூடவே, காற்று உள்ளே போவதற்காக மூடியில் இருக்கும் சிறு துளையும் அடைபட்டுவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் பெட்ரோலும் வராது, என்ஜின் நிற்கும். சும்மா விட்டால் எங்கோ ஒரு கீறல் வழியே மெல்லக் காற்று கசிந்து, மறுபடி கிளம்பும். நாற்பது வருடத் தீட்டு இவ்வளவுதான். இந்தத் தடவையும் மாரியம்மாள் இறங்கியிருந்தால், கொஞ்சநேரத்தில் கார் தானே கிளம்பியிருக்கும். அந்தப் பொய் இன்னொரு தலைமுறை உயிரோடு இருந்திருக்கும்.

“மூடிய வெளியில மட்டும் பாலீஷ் போட்டுட்டு மாட்டிட்டேன்,” என்றார் அன்பரசி. “உள்ள திருப்பிப் பாக்கல.”

நந்தகுமார் மூடியை வாங்கிப் பார்த்தார். காய்ந்து கல்லாகிப்போன களிமண்ணில் ஒரு பெருவிரல் ரேகை பதிந்திருந்தது.

“அப்பாதான்,” என்றார். “எங்க வூட்ல குழாய் ஒழுவுனாலும் களிமண்ணுதான் வைப்பாரு. அம்மாவுக்குப் பெட்ரோல் வாடை ஆவாது. கார் மொத மொத நின்னுச்சே, அந்த வாரந்தான் அடைச்சாரு. நான் பக்கத்துல நின்னேன்.”

மாரியம்மாள் சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். அன்பரசி அந்தத் துளையைக் குத்தித் திறந்தார். காரில் ஏறி ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் பிடித்துக்கொண்டது.

நந்தகுமார் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்கதவருகே வந்து நின்றார். வாழ்நாள் முழுக்க அவர் வீட்டாரை ‘மொதலாளி’ என்றே அழைத்த மாரியம்மாள், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“ஏறுங்க தம்பி. நின்னா எறங்கித் தள்ளிக்கலாம்.”

வளைவைச் சுற்றித் திரும்பி, கேட்டைத் தாண்டி, ஊருக்குள் வந்தோம். கார் எங்கேயும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அன்பரசி என்ஜினை அணைக்காமல் கதவைத் திறந்து பிடித்தார். மாரியம்மாள் உடனே இறங்கவில்லை. சீட்டில் உள்ளங்கையை வைத்து, கீழே ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் அதிர்வை வெகுநேரம் உணர்ந்துகொண்டிருந்தார். பிறகு இறங்கினார்.