பொட்டு வைத்த இயந்திரம்

எங்கள் குடியிருப்புத் தாமானுக்குப் பின்னால் ஒரு பழைய குப்பை மேடு இருக்கிறது. புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான் இங்கே பெரும்பாலும் குடியிருக்கிறோம். மேட்டை மூடிப் புல் போட்டபோது, உள்ளே ஊறும் வாயுவை வெளியேற்ற ஆழமாகத் துளை போட்டுக் குழாய்களை இறக்கினார்கள். அந்த வாயுவை எரிக்க ஒரு சாதனமும் வைத்தார்கள். பிறகு கான்ட்ராக்டர் கம்பெனியை மூடிவிட்டுப் போய்விட்டார். சாதனத்தைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். குழாய்கள் மட்டும் வாயைத் திறந்தபடி நிற்கின்றன. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். எங்கள் பூதத்துக்கு அழுகிய முட்டை நாற்றம்.

காற்று மேட்டுப் பக்கமிருந்து வீசினால் என் மகளுக்கு மூச்சு இழுக்கும். இதெல்லாம் தொடங்கியபோது அவளுக்குப் பதினொரு வயது. பள்ளிப் பையில் பென்சில் பெட்டிக்குப் பக்கத்தில் ஆஸ்துமா பம்பு இருக்கும். கிளினிக் டாக்டர் வீட்டை மாற்றச் சொன்னார். இந்த நாற்றத்துக்குள் வந்து யார் வீடு வாங்குவார்கள் என்று அவர் சொல்லவில்லை.

ஒருமுறை யாரோ வந்து காற்றை அளந்துவிட்டுப் போனார்கள். முடிவைக் கேட்டால் 'சூலிட்' என்றார்கள். ரகசியமாம். நாங்கள் இழுக்கிற மூச்சு எங்களுக்கே ரகசியம்! எனக்கு வந்த கோபத்தில் அன்றே சுற்றுச்சூழல் இலாகாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மறுபடி அளக்க வேண்டும், அளந்ததை எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். கேட்டது அவ்வளவுதான். என் மலாயைத் திருத்தியவள் மகள். கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கினேன். மூன்று வருஷம் விடாமல் எழுதிய பிறகு சரி என்றார்கள்.

இயந்திரத்தை வைக்க மின்சாரமும் பூட்டும் உள்ள இடம் வேண்டும் என்றார்கள். தாமான் ஓரத்தில் இருக்கும் எங்கள் முனீஸ்வரர் கோயிலின் சாவி என்னிடம்தான் இருந்தது. மாலையில் விளக்கேற்றுவதும் நான்தான். ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அளக்க வந்தவர் நம் ஆள், சின்ன வயசு. மூன்று கால் வைத்த ஒரு பெட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

"அக்கா, யாரும் தொடாம பாத்துக்குங்க லா. மூணு நாள்ல வந்து எடுத்துக்கறேன்."

மோட்டார் வாங்கினாலும் லாரி வாங்கினாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் ரோட்டில் இறக்காத ஜனம் நாங்கள். என் மகளுக்காக வந்திருக்கிற இயந்திரத்தை வெறுமனே விட மனசு வரவில்லை. பெட்டியைத் தொடவில்லை. கால்களுக்கு மட்டும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன், எலுமிச்சம்பழம் வைத்தேன். மூன்று மாலையும் தேங்காய் மட்டையைக் கனலாக்கி, கை நிறைய சாம்பிராணி போட்டு, அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். பக்கத்து வீட்டு அக்காக்களும் ஆளுக்கொரு தூபக்காலோடு வந்துவிட்டார்கள். திருவிழா மாதிரி இருந்தது. புகை ஒத்துக்கொள்ளாது என்று மகளைக் கோயில் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னேன். அவளுக்கு ஒத்துக்கொள்ளாத புகை இயந்திரத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

நாலாம் நாள் வந்தவர் பொட்டைப் பார்த்தார், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தார்.

"புகை போட்டீங்களா அக்கா?"

"மூணு நாளும் போட்டேன் தம்பி, ஒரு நாள் கூட விடல" என்றேன் பெருமையாக.

அவர் போனில் படம் எடுத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் போனார்.

சொன்ன சொல் தவறாமல் அறிக்கையைப் பாலாய் ராயா பொதுமண்டபப் பலகையில் கண்ணாடிக்குள் ஒட்டினார்கள். தாமானே திரண்டு போனது. மகள்தான் வாசித்தாள். முதல் பக்கத்தில் பொட்டும் எலுமிச்சம்பழமுமாக என் இயந்திரத்தின் படம். அவள் குரல் மெல்ல இறங்கியது.

"காத்துல இருக்கற கெடுதல் நாம சாமி கும்பிட்ட புகையால வந்துச்சாம்மா. மேட்டுலேருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாதாம்."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொருவராகச் செருப்பை இழுத்துக்கொண்டு கலைந்தார்கள். அறிக்கை பொய் சொல்லவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் நான்.

மறுபடி அளக்கச் சொல்லி இலாகா ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் நல்லவள், அக்கா என்கிற மாதிரி 'காக்' என்று கூப்பிட்டு எனக்கு நாற்காலி கூடப் போட்டாள். "வெளியிடச் சொன்னது நீங்கதானே, காக்? வெளியிட்டாச்சு. ஃபைல் முடிஞ்சிருச்சு" என்றாள்.

அதன் பிறகு நான் கோயிலில் சாம்பிராணி போடுவதில்லை. வீட்டில் ஊதுபத்தி கூட இல்லை. முனீஸ்வரர் வெறும் விளக்கோடு இருக்கிறார். எட்டு மாதமாகிறது. மகளுக்கு இழுப்பு நிற்கவில்லை. போன வாரம் பம்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அடுத்த தடவ மிஷின் வந்தா நான் ஞாபகப்படுத்தறேன்மா" என்றாள். வராது என்று நான் சொல்லவில்லை.

காற்று அந்தப் பக்கமிருந்து வீசும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு, அவள் நெஞ்சில் காதை வைத்துப் படுத்துக்கொள்கிறேன். உள்ளே விசில் கேட்கிறது. நேற்றைவிட இன்று அதிகமா குறைவா என்று எனக்குத் தெரியும். பலகையில் இன்னமும் என் பொட்டுதான் இருக்கிறது.